பழனத்து வாளையும் ஏரி நீர்ப்பாசனமும்: புதுச்சேரி வட்டாரத்தை முன்வைத்து ஒரு பெருநன்னீர் மீனின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

சங்க இலக்கியத்தின் மருதத்திணைப் பாடல்களில் மிகுதியாக இடம்பெறும் மீன்களுள் ஒன்று வாளை. இன்று விலங்கியலார் வாலாகோ அட்டு என வழங்கும் இப்பெருமீன், பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் செம்பட்டியலில் 2019ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி 'அழிவாய்ப்பு இனம்' என்னும் நிலையில் உள்ளது. ஆறு, வாய்க்கால், ஏரி, வயல் ஆகிய நான்கும் ஒரே நீர்த்தொடராக இயங்கிய வரையில் வாளை நிலைபெற்றிருந்தது என்பதும், அத்தொடர் அறுபட்டதும் அதனை நிருவகிக்கும் பொறுப்பு தனித்தனித் துறைகளுக்குப் பிரிந்ததும் அதன் நலிவுக்கு முதன்மைக் காரணங்கள் என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள். இலக்கியச் சான்றுகள், ஐரோப்பிய இயற்கை வரலாற்றுப் பதிவுகள், புதுச்சேரி வட்டாரத்தின் ஏரிப் பாசன வரலாறு ஆகியவற்றின் துணைகொண்டு அக்கருதுகோள் இங்கு ஆராயப்படுகிறது.

குறிச்சொற்கள்: வாளை, மருதம், பழனம், ஊசுடு ஏரி, பாகூர் ஏரி, பாசிப்பாட்டம், தரங்கம்பாடி, நன்னீர் மீன் பாதுகாப்பு.

முன்னுரை

தமிழக நீர்ப்பாசன வரலாறு பெரும்பாலும் நெல்லின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. ஏரியின் கொள்ளளவு, மதகு, ஆயக்கட்டு, வரி, வாரியம் ஆகியவை விரிவாக ஆராயப்பட்ட அளவிற்கு அந்நீரில் வாழ்ந்த உயிர்கள் ஆராயப்படவில்லை. ஏரியின் விளைச்சல் நெல் மட்டுமன்று. மீனும் அதன் விளைச்சலே. வேளாண் குடிகளின் உணவிலும் ஊர்ப்பொதுவின் வருவாயிலும் மீனுக்கு உரிய பங்கு இருந்தது. அம்மீன்களுள் உருவாலும் இயல்பாலும் தனித்து நிற்பது வாளை. ஒரு நீர்த்தொடரின் நலத்தை அறிய அதன் மேல்நிலை ஊனுண்ணியை நோக்குவது சூழலியலாரின் வழக்கம். அவ்வகையில் வாளையின் வரலாறு ஏரியின் வரலாற்றுக்குள் நுழைய ஒரு வாயிலாக அமைகிறது.

பெயரும் பொருளும்

'வாளை' என்னும் பெயர் இன்று ஒரே மீனைக் குறிப்பதன்று. புதுச்சேரியின் கடலோர மீன் சந்தையில் வாளை என்றால் நாடா போன்று நீண்ட கடல்மீனையே பலரும் கருதுவர். சாவாளை, முள்ளுவாளை ஆகியனவும் கடல்மீன்களே. நன்னீரில் வாழும் நோட்டாப்டீரஸ் இனமும் சில வட்டாரங்களில் வாளை என்னும் பெயரோடு சேர்த்தே வழங்கப்படுகிறது. நீண்டு, பக்கவாட்டில் தட்டையாகி, வாள்போல் பளபளக்கும் உடலே இப்பெயர்கள் அனைத்திற்கும் பொதுவான அடிப்படை. ஆகவே இலக்கியத்தில் வரும் வாளை எது என்பதைச் சொல்லைக்கொண்டு மட்டும் முடிவு செய்ய இயலாது. பாடலில் அது இருக்கும் இடம், அதன் செயல், அதனை உண்ணும் விலங்கு ஆகிய மூன்றையும் சேர்த்தே நோக்க வேண்டும்.

உயிரியல் நோக்கில் வாலாகோ அட்டு, சிலூரிடே என்னும் கெளிற்றுமீன் குடும்பத்தைச் சார்ந்தது. செதில் அற்றது. வாயின் பிளவு கண்ணையும் கடந்து பின்செல்லும். மேல்தாடை மீசை இழைகள் இரண்டும் மிக நீளமானவை. கீழ்த்தாடை இழைகள் குறுகியவை. முதுகுத் துடுப்பு மிகச் சிறியது. குதத்துடுப்போ உடலின் பெரும்பகுதி நீளத்திற்கும் ஓடுவது. இரவில் வேட்டையாடும் இம்மீன், பிற மீன்களையும் இறால், நத்தை போன்றவற்றையும் உண்ணும். 2 மீட்டருக்கு மேல் வளர்ந்தவை பற்றிய பதிவுகள் உண்டெனினும் இன்று சந்தைக்கு வருபவை பெரும்பாலும் 1 மீட்டருக்கும் குறைவானவை. 'நன்னீர்ச் சுறா' என்னும் வழக்குப்பெயர் அதன் உருவையும் வேட்டைத்திறனையும் ஒருங்கே உணர்த்துகிறது.

இம்மீனின் வாழ்க்கைச் சுழற்சியில் வரலாற்று ஆய்வுக்கு இன்றியமையாத கூறு ஒன்றுண்டு. வறண்ட பருவத்தில் ஆற்றின் மடுவிலும் ஏரியின் ஆழப்பகுதியிலும் தங்கும் வாளை, வெள்ளப் பருவத்தை ஒட்டி நீரோட்டத்தை எதிர்த்து ஏறி, புதுநீர் பரவிய ஆழமற்ற பரப்புகளில் முட்டையிடுகிறது. ஆண்டுக்கு ஒரு பருவமே அதன் இனப்பெருக்கக் காலம். ஆழநீர், ஓடுநீர், பரந்த நீர் ஆகிய மூன்றும் அதற்கு வேண்டும். அவற்றிற்கிடையே தடையற்ற வழியும் வேண்டும். ஏரிப்பாசன நிலத்தில் இம்மூன்றும் முறையே ஏரி மடுவாகவும் வாய்க்காலாகவும் நெல்வயலாகவும் அமைந்திருந்தன.

மருதத்திணைச் சான்றுகள்

சங்கப் பாடல்களில் வாளை மேற்கூறிய நீர்த்தொடரின் வெவ்வேறு புள்ளிகளில் காட்சி தருகிறது. ஆலங்குடி வங்கனார் பாடிய குறுந்தொகை 8ஆம் பாடலில், வயலருகே நின்ற மாமரத்திலிருந்து விழும் கனியைப் பழனத்தில் வாழும் வாளை கவ்வுகிறது. அவரே பாடிய நற்றிணை 400ஆம் பாடலில், நெல் அறுப்போர் வயலில் இட்ட அரிச்சூட்டின் அருகே வாளை பிறழ்கிறது. முன்னது நீர் தேங்கிய பழனம். பின்னது அறுவடை நடக்கும் வயல். மீன் வயலுக்குள் வந்து திரும்பும் அளவிற்கு நீர்வழி திறந்திருந்தது என்பதை இவ்விரு பாடல்களும் இயல்பான செய்தியாகவே கூறிச் செல்கின்றன.

ஔவையாரின் குறுந்தொகை 364ஆம் பாடலிலும் பரணரின் அகநானூறு 386ஆம் பாடலிலும் வாளை நீர்நாயின் அன்றாட இரையாக வருகிறது. நீர்நாய் இரைதேடும் பொய்கையும் பிரம்பு அடர்ந்த கரையும் வேட்டை விலங்கிற்கும் பெருமீனுக்கும் இடந்தரும் நிலையான நீர்நிலையைக் காட்டுகின்றன. கடல்மீனாகிய நாடாவாளைக்கு இச்சூழலில் இடமில்லை. பழனம், வயல், பொய்கை ஆகிய நன்னீர் இடங்களில் வாழ்ந்து, விழும் பொருளை நீர்ப்பரப்பில் பாய்ந்து கவ்வி, நீர்நாய்க்கு ஒருநாள் இரையாகும் உருவுடைய மீன் என்னும் விவரங்கள் வாலாகோ அட்டுக்கே பெரிதும் பொருந்துகின்றன.

இவற்றினும் குறிப்பிடத்தக்கது புறநானூறு 18ஆம் பாடல். தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனைக் குடபுலவியனார் பாடிய இப்பாடல், நிலம் பள்ளமான இடங்களில் நீரைத் தேக்குவதே அரசனின் கடமை என வலியுறுத்துவது. தமிழக நீர்ப்பாசன வரலாற்றை எழுதுவோர் தவறாது சுட்டுவது. அதே பாடலின் முற்பகுதியில் மூதூரின் அகழியில் கூட்டமாக வாழும் வாளை பூக்களைக் கவ்வும் காட்சி இடம்பெறுகிறது. ஆரல், வரால், கெடிறு ஆகிய மீன்களும் உடன் கூறப்படுகின்றன. பாடலின் பிற்பகுதியை நீர்மேலாண்மைக்கும் முற்பகுதியை வருணனைக்கும் எனப் பிரித்துப் படிப்பது வழக்கமாகிவிட்டது. ஆனால் நீரைத் தேக்குதலும் தேங்கிய நீரில் மீன் செழித்தலும் அப்பாடலில் ஒரே வளத்தின் இரு முகங்களாக நிற்கின்றன.

பாசிப்பாட்டம்: மீனும் ஏரி மராமத்தும்

இலக்கியம் காட்டும் இத்தொடர்பு இடைக்காலக் கல்வெட்டுகளில் நிருவாக வடிவம் பெறுகிறது. ஏரியில் மீன்பிடிக்கும் உரிமைக்காகச் செலுத்தப்பட்ட தொகை 'பாசிப்பாட்டம்' எனப்பட்டது. பல ஊர்களில் இவ்வருவாய் ஏரியைத் தூர்வாரிக் கரையைக் காக்கும் பணிக்கே ஒதுக்கப்பட்டது. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஏரிக்கெனத் தனி வாரியம் இயங்கியதைத் தெரிவிக்கின்றன. மீனால் வந்த பணம் ஏரியைக் காத்தது. காக்கப்பட்ட ஏரி மீனைக் காத்தது. மீன்வளமும் பாசனமும் ஒரே ஊர்ப்பொறுப்பின்கீழ் இருந்தமையே இச்சுழற்சியின் வலிமை. பிற்காலத்து 'மீன்பாசிக் குத்தகை' என்னும் வழக்கில் பழஞ்சொல் எஞ்சியது. ஆயினும் குத்தகைப் பணம் எந்த ஏரியிலிருந்து வந்ததோ அந்த ஏரிக்கே திரும்ப வேண்டும் என்னும் கட்டு படிப்படியாகத் தளர்ந்தது.

இன்றைய புதுச்சேரி வட்டாரம் இப்பாசன மரபில் தொன்மையான பகுதி. பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்துப் பாகூர்ச் செப்பேடு, 9ஆம் நூற்றாண்டில் பாகூர் வித்தியாஸ்தானத்திற்கு மூன்று ஊர்கள் கொடையளிக்கப்பட்டதைக் கூறுகிறது. கல்விநிலையம் ஒன்றை ஊர்களின் விளைச்சலைக்கொண்டு நிலைநிறுத்தும் அளவிற்கு அப்பகுதியின் வேளாண்மை வளர்ந்திருந்தது என்பதற்கு இது சான்று. புதுச்சேரிப் பகுதியில் 84 ஏரிகள் கணக்கிடப்பட்டுள்ளன. அவற்றுள் பெரிய இரண்டு ஊசுடு ஏரியும் பாகூர் ஏரியும் ஆகும். சங்கராபரணி ஆற்றின் நீர் சுத்துக்கேணி வாய்க்கால் வழியாக ஊசுடு ஏரியையும், தென்பெண்ணையின் நீர் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகப் பாகூர் ஏரியையும் அடைகின்றன. நீர் வரும் இவ்வாய்க்கால்களே ஆற்று மீன்கள் ஏரிக்கு வரும் வழிகளும் ஆகும். கோடையில் வற்றிய ஏரியில் ஊத்தாவும் பறியும் கொண்டு ஊரார் மீன்பிடித்த பின்னரும் அடுத்த பருவத்தில் ஏரி மீண்டும் மீனால் நிறைந்தமைக்கு ஆற்றிலிருந்து வந்த புதுவெள்ளமும் ஏரியின் ஆழ மடுவில் எஞ்சிய தாய்மீன்களுமே காரணம்.

'மலபார்' என்னும் இடப்பெயர்: ஐரோப்பியப் பதிவுகள்

வாளை ஐரோப்பிய அறிவியலுக்குள் நுழைந்தது 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆகும். பெர்லின் நகர மருத்துவரும் மீனியலாளருமான மார்க்கஸ் எலியேசர் பிளாக் தம் நூலை முடிக்காமலே 1799இல் காலமானார். யோகான் ஷ்னைடர் அதனை நிறைவுசெய்து 1801இல் வெளியிட்டார். சிலூரஸ் அட்டு என்னும் பெயர் அந்நூலில்தான் முதன்முதலாக இடம்பெறுகிறது. 'அட்டு' என்பது 'ஆற்று வாளை' என்னும் தமிழ் வழக்கின் முற்பகுதியை ஒட்டியது என்பது பெயராய்வாளர் கொள்ளும் விளக்கம். விசாகப்பட்டினப் பகுதி மீன்களைத் திரட்டிய பேட்ரிக் ரஸ்ஸல் 1803இல் வெளியிட்ட நூலில் இம்மீனின் தெலுங்குப் பெயரைப் பதிவு செய்தார். பின்னர் டச்சு மீனியலாளர் பீட்டர் பிளீக்கர் 1851இல் நிறுவிய பேரினத்திற்கு வாலாகோ என்னும் பெயர் அமைந்தது. இவ்வாறு ஒரே மீனின் இருசொற் பெயரில் இரு திராவிட மொழிகளின் மீனவர் வழக்குகள் இணைந்துள்ளன.

இம்மீனின் மூலமாதிரி கிடைத்த இடம் 'மலபார்' எனப் பதிவாகியுள்ளது. இதனை இன்றைய கேரளக் கரை எனக் கொள்வது எளிது; ஆனால் அக்கால வழக்கு அதற்கு இடந்தருவதில்லை. தரங்கம்பாடி மறைப்பணியாளர்கள் தமிழ்மொழியையும் தமிழரையும் 'மலபார்' என்றே குறித்தனர். சீகன்பால்கு தமிழ்ச் சமயம் குறித்து எழுதிய நூலின் தலைப்பே இதற்குச் சான்று. பிரெஞ்சுப் புதுச்சேரியின் ஆவணங்களிலும் தமிழர் 'மலபார்' எனவே சுட்டப்பட்டனர். பிளாக்கிற்குத் தென்னிந்திய மீன்களை அனுப்பியவர்களுள் முதன்மையானவர், 1771 முதல் தரங்கம்பாடியில் பணியாற்றி 1813இல் மறைந்த கிறிஸ்டோஃப் சாமுவேல் யோன். அவர் நினைவாகவே பிளாக் ஒரு கடல்மீனுக்கு யோனியை என்னும் சிறப்புப்பெயரை வழங்கினார். பெயரில் தமிழ்ச்சொல் இருப்பதையும் அனுப்பியோரின் வாழிடத்தையும் சேர்த்து நோக்கினால், மூலமாதிரியின் 'மலபார்' சோழமண்டலக் கரையின் தமிழ்ப்பகுதியைக் குறித்திருக்கும் வாய்ப்பே மிகுதி எனக் கருதலாம். தரங்கம்பாடிக்குத் தெற்கே அண்மையில் உள்ள காரைக்கால் அன்று பிரெஞ்சுப் பகுதி; இன்று புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் அங்கம்.

புதுச்சேரி மீண்டும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த 1816ஆம் ஆண்டுக்குப்பின் அந்நகர் இயற்கை வரலாற்றுச் சேகரிப்பின் மையமாயிற்று. தாவரவியலாளர் லெஷெனோ த லா தூர் 1822 வரை இங்கிருந்து பாரிஸ் அருங்காட்சியகத்திற்கு உயிரின மாதிரிகளை அனுப்பினார். அவர் பெயர்தாங்கிய வௌவால் ஒன்றும் கரைப்பறவை ஒன்றும் புதுச்சேரி மாதிரிகளைக்கொண்டே விவரிக்கப்பட்டன. குவியேயும் வலென்சியேனும் 1828 முதல் 1849 வரை 22 தொகுதிகளாக வெளியிட்ட மீன்களின் இயற்கை வரலாறு, புதுச்சேரியிலிருந்து சென்ற மீன்களையும் பயன்படுத்தியது. எனினும் இப்பதிவுகள் மீனின் உருவையும் துடுப்புக் கதிர்களின் எண்ணிக்கையையும் காத்த அளவிற்கு அது வாழ்ந்த வயலையும் வாய்க்காலையும் காக்கவில்லை. இலக்கியம் வாளையைக் கழனியோடும் பொய்கையோடும் சேர்த்தே கூறியது. அருங்காட்சியகமோ அதனைச் சாராயப் புட்டிக்குள் தனித்த உடலாக வைத்தது.

வழியறுதல்

நீர்வழி அடைபடுவதால் மீன்வளம் குன்றும் என்னும் எச்சரிக்கை 19ஆம் நூற்றாண்டிலேயே எழுந்தது. சென்னை மாகாண மருத்துவப் பணியிலிருந்த பிரான்சிஸ் டே, 1873இல் இந்திய, பர்மிய நன்னீர் மீன்வளம் குறித்து அளித்த அறிக்கையில், பாசன அணைக்கட்டுகள் மீனின் ஏற்றத்தைத் தடுப்பதையும், வாய்க்கால்களில் நிலையாக வைக்கப்படும் பொறிகளும் நெருங்கிய கண்ணி வலைகளும் குஞ்சுகளை அழிப்பதையும் சுட்டினார். 1897ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டம் நஞ்சிட்டும் வெடிவைத்தும் மீன் கொல்வதைத் தடைசெய்தது. அச்சட்டம் பிரிட்டிஷ் இந்தியாவுக்கு உரியது. ஊர் ஊராகப் பிரிட்டிஷ் எல்லையோடு பின்னிக்கிடந்த பிரெஞ்சுப் புதுச்சேரிக்கு அது பொருந்தவில்லை. ஒரே ஆற்றின் நீர் இரு சட்டங்களின்கீழ் ஓடியது.

பிரெஞ்சு ஆட்சியில் நிலவுடைமையாளரின் வேளாண் சங்கங்களும் பொதுநிதி அமைப்புகளும் ஏரி மராமத்தைக் கவனித்தன. 1954இல் ஆட்சி மாறிய பின்னர் அப்பொறுப்பு அரசுத் துறைகளுக்குச் சென்றது. 1950களின் இறுதியில் தென்பெண்ணையின் குறுக்கே சாத்தனூர் அணையும் சங்கராபரணியின் மேற்பகுதியில் வீடூர் அணையும் எழுந்தன. இவை பாசனத்திற்குப் பயன்பட்டன என்பதில் ஐயமில்லை. ஆனால் வெள்ளத்தின் காலத்தையும் அளவையும் மாற்றின. ஆழ்துளைக் கிணறுகள் பெருகியதும் உழவருக்கு ஏரிநீரின் தேவை குறைந்தது. ஏரியின் தேவை குறைந்தபோது வரத்து வாய்க்கால்களும் கவனிப்பாரற்றுத் தூர்ந்தன.

இதே காலத்தில் மீன்வளர்ப்பும் புதிய வடிவம் பெற்றது. கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய கெண்டைகளை இருப்புவிடுதல் அரசின் கொள்கையாயிற்று. குஞ்சுகளை இடுவதற்கு முன் குளத்திலுள்ள ஊனுண்ணி மீன்களை ஒழிக்க வேண்டும் என்பது வளர்ப்புக் கையேடுகளின் முதல் பாடம். அதற்கென ஹெக்டேருக்கு 2500 கிலோ இலுப்பைப் புண்ணாக்கு பரிந்துரைக்கப்படுகிறது. ஒழிக்க வேண்டியவற்றின் பட்டியலில் வாளை தவறாது இடம்பெறும். கெண்டைக் குஞ்சு வளரும் தனிக்குளத்தில் இப்பரிந்துரைக்குப் பொருளாதார நியாயம் உண்டு. ஆனால் ஆற்றோடு தொடர்புடைய பொது நீர்நிலைக்கும் அதே பார்வை பரவியபோது, சங்கப்புலவர் மருத வளத்தின் அடையாளமாகக் கண்ட மீன் 'வேண்டாத மீன்' ஆயிற்று. 1952இல் இந்தியாவிற்குக் கொணரப்பட்ட திலேப்பியாவும், தடைசெய்யப்பட்ட பின்னரும் பரவிவரும் ஆப்பிரிக்கக் கெளிறும் இந்நெருக்கடியை மேலும் கூட்டுகின்றன.

வாளையை வளர்ப்புமீனாக்கி இக்குறையை ஈடுசெய்வதும் எளிதன்று. ஊசியிட்டு முட்டையிடச் செய்யும் முயற்சிகள் வெற்றி கண்டுள்ளன. ஆயினும் பொரித்த சில நாள்களிலேயே குஞ்சுகள் ஒன்றையொன்று விழுங்கத் தொடங்குகின்றன. சந்தையில் நல்ல விலையுள்ள இம்மீன் இன்றும் பெரும்பாலும் இயற்கை நீர்நிலைகளிலிருந்தே பிடிக்கப்படுகிறது. முட்டையிட ஏறிவரும் பருவத்தில் குறுகிய வாய்க்காலில் அதனைப் பிடிப்பது எளிது என்பதால், தாய்மீன்களே முதலில் இழக்கப்படுகின்றன.

பாதுகாப்பின் அலகு எது?

ஐரோப்பிய ஆணையத்தின் நிதியுதவியோடு 1999இல் தொடங்கிய புதுச்சேரி ஏரிகள் புனரமைப்புத் திட்டம், ஏரிப் பயனாளர் சங்கங்களை உருவாக்கி ஊர்ப்பொறுப்பை மீட்க முயன்றது. ஊசுடு ஏரியின் புதுச்சேரிப் பகுதி 2008இலும் தமிழகப் பகுதி 2014இலும் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. இவை இரண்டும் பயனுள்ள முன்னெடுப்புகள். எனினும் முன்னதின் மையம் பாசனம். பின்னதின் மையம் பறவை. மீன், மீன்வளத் துறையின் கணக்கில் உற்பத்திப் பொருளாகவே எஞ்சியது. நீரைப் பொதுப்பணித் துறையும், பறவையை வனத்துறையும், மீனை மீன்வளத் துறையும் நோக்கும்போது, இம்மூன்றையும் இணைக்கும் வாய்க்கால் எத்துறையின் உயிரினக் கணக்கிலும் இடம்பெறுவதில்லை.

வாளையின் வரலாறு இங்கு ஒரு தெளிவைத் தருகிறது. அதற்குரிய பாதுகாப்பின் அலகு தனி ஏரியன்று; ஆற்றையும் ஏரியையும் இணைக்கும் வழியே ஆகும். தூர்வாரும்போது ஏரியின் தரையை முழுதும் சமன்படுத்தாமல் கோடையிலும் நீர் நிற்கும் மடு ஒன்றை விடுதல், அணைக்கட்டிலும் வாய்க்கால் தலைப்பிலும் மீன் ஏறும் சரிவுகளை அமைத்தல், புதுவெள்ளக் காலத்தில் வரத்து வாய்க்கால்களில் பொறிகளைத் தவிர்த்தல், பொது ஏரிகளில் நஞ்சிடலை விலக்குதல் ஆகியன பெருஞ்செலவு இல்லாதவை. மீன்பிடிக் குத்தகை வருவாயில் ஒரு பங்கை அந்த ஏரியின் மராமத்துக்கே திருப்புதல் புதிய கருத்தன்று. பாசிப்பாட்டத்தின் மறுவடிவமே ஆகும்.

முடிவுரை

சங்கப்பாடல்களின் வாளை, வயலும் பொய்கையும் ஒரே நீரால் இணைந்திருந்த நிலத்தின் உயிர். இடைக்கால ஊரவைகள் மீனின் வருவாயை ஏரியின் காப்புக்குரியதாக்கி அவ்விணைப்பை நிருவாகத்தில் நிலைநிறுத்தின. ஐரோப்பிய இயற்கை வரலாறு மீனுக்கு உலகப் பெயர் தந்தது. அப்பெயரில் தமிழ்ச்சொல் தங்கியது, அதன் வாழிடம் விடுபட்டது. 20ஆம் நூற்றாண்டின் பாசன, மீன்வளர்ப்புக் கொள்கைகள் அவ்வாழிடத்தைத் துண்டித்தன. ஆகவே வாளையின் நலிவு ஒரு மீனினத்தின் இழப்பாக மட்டும் கொள்ளத்தக்கதன்று. நீரையும் உயிரையும் ஒரே பொறுப்பாகக் கருதிய ஒரு நிருவாக மரபின் இழப்பும் ஆகும். ஏரிகளின் வரலாற்றை ஆயக்கட்டுக் கணக்கோடு நிறுத்தாமல், மீனவர் வழக்காறுகள், குத்தகை ஆவணங்கள், கல்வெட்டு வரிப்பெயர்கள் ஆகியவற்றோடு இணைத்து ஊர்வாரியாக ஆராய்வது அம்மரபை மீட்டறியும் வழியாக அமையும். ஊசுடு, பாகூர் ஏரிகளின் வரத்து வாய்க்கால்களே அத்தகைய ஆய்வுக்கு உகந்த தொடக்கப்புள்ளி.